கத்தரிக்கோல் போகும் பாதை

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மாரிக்கண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டான். வேலை பார்க்கிற லெதர் கார்கானாவில், தோல் பட்டறையில், அரை நாள் லீவு. சட்டைப் பையில் நாலாக மடித்த நர்சரி ஃபாரம்.

போன ஞாயிறு செம்பூரில் நடந்ததை அவனால் இன்னும் விழுங்க முடியவில்லை. சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. சாப்பாட்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பெயர் எழுதச் சொன்னார். மற்ற பிள்ளைகள் எழுதின. அவனுடைய நாலரை வயது மகள் கனிஷ்கா மட்டும் பென்சிலை உலக்கைபோலப் பிடித்து ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கை கழுவும்போதே மறந்திருப்பார்கள். மாரிக்கண்ணன் மறுநாளே நர்சரிக்குப் போய் ஃபாரம் வாங்கி வந்துவிட்டான்.

“மகேசு, பிள்ளையை ரெடி பண்ணு. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ.”

மகேஸ்வரி குர்த்தி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தைத்து முடிந்த துணிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டிக் கொடுக்கிற வேலை. தாராவியில் அதற்குப் பெயர் தாகா கட்டிங். கையில் இருந்த குட்டிக் கத்தரி நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது, அவள் பேசவில்லை.

“ஏட்டி, ஒன்னத்தான்.”

“பதினோரு மணிக்குத்தான் பால்வாடியில மீட்டிங்கு. பிரபாவதி மைனிகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப நானே கூட்டிட்டுப் போறேன்.”

“டாக்டரம்மா என்ன சொன்னாவ? இன்னும் ஆறு மாசத்துக்குப் பென்சிலு வேண்டாம், மொதல்ல விரலுக்குப் பலம் வரட்டும்னு சொன்னாவல்லா?”

“டாக்டரம்மாவா செம்பூருக்கு வந்து நின்னா? சிரிச்சது என்னையப் பாத்துல்லா சிரிச்சானுவ.”

மகேஸ்வரி நிமிர்ந்தாள். “ஒங்களப் பாத்துதான சிரிச்சாவ? பிள்ளையப் பாத்து இல்லைல்லா? பொறவு பிள்ளைய எதுக்குப் போட்டு வதைக்கீங்க?”

மாரிக்கண்ணன் சீப்பை எடுத்தான். கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு போய் தலை சீவ ஆரம்பித்தான்.

கனி ஏழாவது மாதத்திலேயே பிறந்தவள். நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தாள். பேச்சு வந்தது, நடை வந்தது, வாய்க்கொழுப்பும் வந்தது. விரல்களுக்கு மட்டும் பலம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா போன வருடம் நெட்டிலிருந்து சில தாள்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், கிழிக்க வேண்டும். தாள் முழுக்கப் பனி மனிதனும் பூசணித் தோட்டமும். கனி அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலமே மகேஸ்வரி வெள்ளைத் தாள் வாங்கி வந்து தானே வரைய ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்தவள். வரைந்தது சிவப்பு பஸ், லோக்கல் ரயில், வடா பாவ், கொடியில் காயும் துணி. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கனிக்குக் கொடுத்தாள். அதைப் பார்த்த பிரபாவதி, மாரிக்கண்ணனின் அக்கா, தன் பால்வாடியில் இருக்கிற பதினாறு பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தாள். இன்றைய மீட்டிங்கே அதனால் வந்ததுதான்.

*

பால்வாடி அறையில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய ரயில் ஒன்று கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆறுமுகத்தாய்தான் முதலில் எழுந்தாள். நாள் முழுக்கப் பல வீடுகளில் வேலை பார்க்கிறவள். இந்த மீட்டிங்குக்காக இரண்டு வீட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த கோபம் முகத்திலேயே இருந்தது.

“நாலு மாசமா ஒரு ஏ பி சி டி கெடயாது, டீச்சர். எம் மவன் தெனமும் பேப்பரு கிழிக்கான், பேப்பரு வெட்டுதான், துணி கிளிப்ப மாட்டுதான் கழட்டுதான். நேத்து என் புதுச் சேல முந்தானய நேரா வெட்டி வச்சிருக்கான்!”

“எம் பிள்ளையும் அப்படித்தான்” என்றார் பக்கத்தில் இருந்தவர். “எதுத்த வீட்டுப் பையன் நர்சரியில நோட்டு நோட்டா எழுதிட்டு வாரான். இவன் கையில பசையோட வாரான்.”

பிரபாவதி பதினோரு வருடமாகப் பால்வாடி டீச்சர். பிள்ளைகளிடம் அவள் வாய் ஓயாது. பெரியவர்கள் குரல் உயர்த்தினால் அவளுக்கு வார்த்தை வராது. “இல்ல... எழுத்துக்கு முன்னால விரல்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நேரா வெட்டுனானா, அக்கா?”

எல்லோரும் திரும்பினார்கள். மகேஸ்வரி.

“என்னது?” என்றாள் ஆறுமுகத்தாய்.

“முந்தானய. நேராவா வெட்டுனான், கோணலாவா?”

“நேராத்தான் வெட்டுனான். அதுக்கு என்ன, மால போடணுமா?”

சிரிப்பு எழுந்தது. மகேஸ்வரியும் சிரித்துவிட்டாள். ஆனால் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. 

“தீவாளிக்கு முன்னால அவனால கத்தரியத் தொறக்கவே முடியாது. ரெண்டு கையாலயும் புடிச்சி இழுப்பான். நான் இங்கன ஒக்காந்து பாத்திருக்கேன். இன்னைக்குச் சட்டை பட்டன யாரு போட்டா, அக்கா?”

ஆறுமுகத்தாய் யோசித்தாள். “அவனேதான் போட்டான்.”

“டிபன் டப்பா?”

“அதையும்...” அவள் நிறுத்தினாள். “அவனேதான் தொறக்கான். நான் வேலைக்குக் கெளம்புற அவசரத்துல கவனிக்கல.”

“பட்டன் போடுத ரெண்டு விரலுதான் நாளைக்குப் பென்சிலப் புடிக்கும். பலம் இல்லாத விரல்ல பென்சிலக் குடுத்தா, பிள்ள முழுக் கையாலயும் அமுக்குது. வலிக்கும். வலிச்சா எழுத்தே வேண்டாம்னு ஓடிரும். எம் மவ அப்படித்தான் ஓடுனா. அதனாலதான் நான் வரைஞ்சேன். எனக்குப் பெரிய படிப்பு கெடயாது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். 

ஆறுமுகத்தாய் சுவரில் ஓடிய ரயிலைப் பார்த்தாள். பிறகு, “எம் மவன் பெட்டி எது, டீச்சர்?” என்று கேட்டாள். பிரபாவதி நாலாவது பெட்டியைக் காட்டினாள். அவள் எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

எல்லோரும் அப்படி இல்லை. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீட்டிங் முடிவதற்கு முன்பே வெளியேறினார்கள். போகிறபோது ஒருவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே போனார்.

*

அதே நேரம் நர்சரியில் மாரிக்கண்ணன் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். ஏசி ஓடியது. மேடம் இந்தியில் பேசினார். முகத்தில் கடுமை இல்லை. நாளுக்கு முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கு வருகிற அவசரம் மட்டும் இருந்தது.

“பேட்டா, ஏ எழுது.”

கனி பென்சிலை வாங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். மாரிக்கண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் விரல்கள் ஐந்தும் பென்சிலைச் சுற்றி மூடின. ஒரு சாய்ந்த கோடு. இரண்டாவது கோட்டில் முனை ஒடிந்து தெறித்தது.

“நஹி ஹோதா, முடியல” என்றாள் கனி. அழவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். செம்பூரிலும் அவள் இப்படித்தான் கையை ஒளித்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று சிரித்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் இதைக் கவனிக்கவே இல்லை.

மேடம் உதட்டைப் பிதுக்கினார். கையில் வலுவே இல்லை, ஜூனியரில் சேர்க்க முடியாது, சின்னப் பிள்ளைகளோடு பிளே குரூப்பில்தான் உட்கார வேண்டும் என்றார். சம்மதம் என்றால் ஃபாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அடியில் இருக்கிற ரசீதை வெட்டி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு அடுத்த பெற்றோரிடம் திரும்பிவிட்டார்.

அவன் ஃபாரத்தை விரித்தான். பெயர், பிறந்த தேதி, விலாசம். ஒவ்வொன்றாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடியபோது, ஃபாரம் மெதுவாக அவன் கைக்கு அடியிலிருந்து நகர்ந்தது.

கனி இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஃபாரத்தின் அடியில் ஒரு புள்ளிக்கோடு. அதன் தொடக்கத்தில் சின்னதாக ஒரு கத்தரிக்கோல் படம். அவள் அம்மா வரைகிற ஒவ்வொரு தாளிலும் இருக்கிற படம் அது. மேசைமேல் கலர் பென்சில் டப்பாவில் பிள்ளைகளுக்கான முனை மழுங்கிய கத்தரி ஒன்று செருகியிருந்தது. அதை அவளே எடுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, வேண்டாம்” என்று அவன் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

பதினெட்டு வருடமாகத் தோல் வெட்டுகிறவன் அவன். கார்கானாவில் எவன் கத்தரியை எடுத்தாலும், எடுக்கிற தினுசிலேயே அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவான். கனியின் கட்டை விரல் மேலே இருந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கத்தரி முழுசாகத் திறந்து, முழுசாக மூடாமல், முக்காலில் நின்று, மறுபடி திறந்தது. முழுசாக மூடினால் வெட்டின ஓரம் பல்பல்லாக ஆகிவிடும். அதை யார் இவளுக்குச் சொன்னது?

பாதி தூரத்தில் கோடு வளைந்தது. ரசீது மூலையை வளைத்து அச்சிட்டிருந்தார்கள். கனி கத்தரியைத் திருப்பவில்லை. இடது கையால் தாளைத் திருப்பினாள். நாக்கு ஓரமாக வெளியே வந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அவனும்தான்.

ரசீது கழன்று விழுந்தது.

அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தான். இரண்டு இடத்தில் கோட்டை விட்டு நூலளவு விலகியிருந்தது. மற்றபடி சுத்தமான வெட்டு. ஒரு கடி இல்லை, பிசிறு இல்லை.

“அப்பா, தேக்கோ, இங்க பாரு. ஸ்டேஷன் வந்துருச்சி” என்றாள் கனி. அம்மாவின் ரயில் தாளில் கோடு முடிகிற இடத்தில் ஸ்டேஷன் இருக்கும்.

மேடம் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. அவர் கண்ணும் அந்த ரசீதில்தான் இருந்தது. “இதை யார் சொல்லிக் கொடுத்தது? தெரபி சென்டருக்குப் போகிறாளா?”

“இவ அம்மா, மேடம்” என்றான் மாரிக்கண்ணன் இந்தியில். “வீட்டிலேயே தாள் தாளாக வரைந்து கொடுக்கிறாள்.” பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. குரல் தானாகவே அப்படி வந்தது.

“அட்மிஷன்?”

ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன், மேடம்.”

மேடம் வற்புறுத்தவில்லை. அவன் செல்போன் நம்பரை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

*

வீட்டுக்குப் போகிற வழியில், தொண்ணூறடி ரோட்டில் ஷாகுல் ஹமீதின் ஜெராக்ஸ் கடை. மேலப்பாளையத்துக்காரர். மாரிக்கண்ணன் படியேறினான்.

“பாய், எங்க வீட்டுல வரைஞ்ச தாளு எல்லாம் ஒம்மகிட்ட இருக்கா?”

ஷாகுல் ஹமீது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “கம்ப்யூட்டர்லயே இருக்கு. நாப்பத்திரெண்டு. ஏன், மொத்தமா எடுக்கணுமா?”

“இல்ல. பாக்கணும்.”

“ஏன்டே, வீட்டுல பாத்ததில்லையா?”

மாரிக்கண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பார்த்திருக்கிறான். காலில் இடறியிருக்கின்றன. தட்டுக்கு அடியில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஷாகுல் ஹமீது ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். முதல் தாளில் கோடே இல்லை. வெறும் வடை, சுற்றிலும் கிழித்து ஒட்டுவதற்கு இடம். நாலாவது தாளில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, ஒரு தடவை கத்தரித்தால் முடிந்துவிடுகிற நீளம். அதற்கடுத்ததில் கோடு நீண்டது. அதற்கடுத்ததில் மெலிந்தது. பத்தாவதில் ரயில் தண்டவாளம், பதினைந்தில் கடல் அலை, இருபத்தி மூன்றில் பாவ் ரொட்டியின் முழு வட்டம்.

“ஒங்க வீட்டம்மா லேசுல விட மாட்டா, பாத்துக்க” என்றார் ஷாகுல் ஹமீது. “பிரிண்ட் எடுத்துட்டுப் போவா. மறுநாள் வருவா. ‘பாய், இந்தக் கோடு இன்னும் ஒரு மில்லி தடிமனா வேணும், பிள்ள கோட்டத் தாண்டிப் போயிருது’ம்பா. அதே பஸ்ஸ ஏழு தடவ மாத்துனோம். எனக்கே எரிச்சல் வந்துச்சு. அப்புறம் எங்க மவ நஜ்முன்னிசாவோட பையனுக்குக் குடுத்துப் பாத்தோம், அவன் கோட்ட விட்டு வெளியவே போகல. அன்னையிலேருந்து நான் வாயத் தொறக்கறதில்ல.”

மாரிக்கண்ணன் பதினேழாவது தாளில் நின்றுவிட்டான். ஒரு சதுர ஜன்னல். நாலு மூலையிலும் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

“இந்தப் பொட்டு எதுக்கு, பாய்?”

“பிள்ளைக மூலையில நிக்காம வெட்டிட்டுப் போயிருதாம். பொட்டு வந்தா நிக்கணும், தாளத் திருப்பணும், பொறவு வெட்டணும். மூணு நாள் யோசிச்சிட்டு வந்து சொன்னா.”

கார்கானாவுக்குப் புதிதாக வருகிறவனுக்கு அவன் முதலில் செய்து கொடுப்பது இதுதான். தோலில் மூலைக்கு மூலை பஞ்ச் வைத்துச் சின்ன ஓட்டை. கத்தி ஓட்டைக்குள் வந்து நிற்கும், மூலை தாண்டாது. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மாஸ்டர் இருந்தார். மகேஸ்வரி கார்கானா வாசலைக்கூட மிதித்ததில்லை. யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள், குர்த்தி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து.

“என்ன வேல பாத்திருக்கா...” என்று முணுமுணுத்தான். தொழில் தெரிந்த ஒருவன் இன்னொரு தொழில்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

*

மகேஸ்வரி வீட்டுக்கு வந்தபோது சோறு வடித்திருந்தது. மாரிக்கண்ணன் தரையில் உட்கார்ந்து, கார்கானாவிலிருந்து எடுத்து வந்த துண்டுத் தோலில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தான். எதிரில் கனி ஒரு ஷூ லேஸை அந்த ஓட்டைகளில் நுழைத்து நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நர்சரியில என்ன சொன்னாவ?” என்றாள் செருப்பைக் கழற்றாமலே.

“ஃபாரம் என்கிட்டத்தான் இருக்கு. குடுக்கல.”

அவள் நம்பாமல் பார்த்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். ரசீதை எடுத்துக் காட்டினான். மூலை வளைவைக் காட்டினான். சொல்லி முடித்துவிட்டு, “நான் செம்பூர்ல பிள்ள கையப் பாக்கல, மகேசு. சனத்தத்தான் பாத்தேன்” என்றான்.

மகேஸ்வரி ரசீதின் ஓரத்தை விரலால் தடவினாள். கண் கலங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு, “வளைவுல ரெண்டு எடத்துல விலகியிருக்கு. அடுத்த தாள்ல சரி பண்ணணும்” என்றாள்.

மாரிக்கண்ணன் சிரித்துவிட்டான். “மாஸ்டரு கணக்கால்லா பேசுத. நாலு மூலைக்கும் பொட்டு வச்ச பாரு, அது எப்படித் தோணிச்சு?”

“பதினேழாம் தாளா? அதையெல்லாம் பாத்தீங்களா?” அவள் முகத்தில் வந்த வெட்கம் கல்யாணமான புதிதில் பார்த்தது.

அப்போது பிரபாவதி மூச்சிரைக்க ஏணிப்படி ஏறி வந்தாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“ஏலே மாரி, நீயும் கேளு. மீட்டிங்குல இருந்து எந்திச்சிப் போனாவல்லா ரெண்டு பேரு, ஆபீசுக்கே போன் போட்டுட்டாவ. பிள்ளைகளுக்கு எழுத்தே சொல்லித்தரலன்னு. சூப்பர்வைசர் திங்கக்கெழம பத்து மணிக்கு வாராவளாம். தாள நிறுத்தணுமா வேண்டாமான்னு அன்னைக்கு முடிவு. எனக்குப் பேச வராது. மகேசு, நீ வந்து நின்னாத்தான் ஆச்சு.”

“நிக்கேன், மைனி. இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க?”

சொல்லி வாய் மூடவில்லை, மாரிக்கண்ணனின் போன் அடித்தது. எடுத்தான். நர்சரி மேடம். அவர் குரல் பிரபாவதிக்கும் கேட்டது. இந்திதான். அந்தத் தாள்களை வரைந்த அம்மாவைப் பார்க்க வேண்டும். பிள்ளை வேண்டாம், அம்மா மட்டும். அத்தனை தாளையும் எடுத்து வரட்டும். எங்கள் ட்ரஸ்டி ஒரே ஒரு நாள்தான் மும்பையில் இருக்கிறார். எங்கள் நர்சரியின் எட்டு கிளைக்கும் இதைக் கொண்டுபோகலாமா என்று பேச வேண்டும்.

“எப்போ, மேடம்?” என்றான் மாரிக்கண்ணன்.

“சோம்வார். சுபே தஸ் பஜே.”

திங்கட்கிழமை. காலை பத்து மணி.

பிரபாவதியின் முகம் வாடியது. எட்டு கிளை என்றால் என்னவென்று அவளுக்கும் புரிந்தது. அவள் மகேஸ்வரியைப் பார்க்காமல், தரையில் கிடந்த தோல் துண்டைப் பார்த்தாள். “அவிய கூப்பிட்டா நீ போ, மகேசு. நான் எப்படியாச்சும் சமாளிச்சிக்கிடுதேன்” என்றாள். சமாளிக்க மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

“ஹலோ? வருவாங்களா?” என்றது போன்.

இந்தியில் யார் கூப்பிட்டாலும், ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும், பதில் சொல்வது மாரிக்கண்ணன்தான். எட்டு வருடமாக அதுதான் வழக்கம். அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். போனை மனைவியிடம் நீட்டினான்.

“நீயே சொல்லு.”

“எனக்கு இந்தி சரியா வராதுங்க.”

“வர்ற அளவுக்குப் பேசு. புரிஞ்சி கேக்க வேண்டியது அவிய பாடு.”

மகேஸ்வரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நாத்தனாரைப் பார்த்து, கவலைப்படாதீங்க என்பதுபோலத் தலையசைத்தாள்.

“மேடம்ஜி,” என்றாள் தெளிவாக, “மே மஹேஷ்வரி போல்தி ஹூம்.” நான் மகேஸ்வரி பேசுகிறேன்.